வெற்று வரிக்குத் திறக்கும் கதவு

ஒன்றுமே எழுதாமல் ஒருவர் எண்டரைத் தட்டினால் என்ன ஆகும்?

பெயர் சொல்லி அழைக்காதபோது யார் எழுந்து வருவார்கள்? யாரும் வரமாட்டார்கள் என்றுதானே நினைப்போம். அப்படித்தானா? மெர்வி கேள்வியை மனத்துக்குள் ஒருமுறை புரட்டப் பார்த்தாள். கைக்குள் அகப்பட்ட சிறு மீனைப் போல அது நழுவி ஆழத்துக்குப் போய்விட்டது. போன இடத்தில் நீர் இலேசாகக் கலங்கியிருப்பது மட்டும் தெரிந்தது.

"ஒரே இடத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருக்க, மெர்வி. கம்பளத்துல ஓட்டை விழப்போகுது," என்றாள் பிர்யோ.

இருவரும் பிர்யோவின் கோடை வீட்டின் முன்னால், ஏரிக்கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் புல்மேல் பலகை போட்டு, குளிர்காலமெல்லாம் மிதிபட்ட துணிக் கம்பளங்களைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். கால்சட்டைகளை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார்கள். பைன் சோப்பின் வாசனை புல்லில், கையில், தலைமுடியில் எல்லாம் ஏறியிருந்தது. ஜூலை மாதத்து ஏரி கண்ணுக்கெட்டியவரை அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை மரங்கள் தண்ணீருக்குள்ளும் அதே பொறுமையோடு தலைகீழாக நின்றன. எது மேலே, எது கீழே என்று கொஞ்ச நேரம் பார்த்தால் குழம்பிவிடும். மெர்வி வேண்டுமென்றே அப்படிப் பார்த்துக் குழம்பினாள்.

"யர்க்கோ அனுப்பினதைப் படிச்சியா?" என்று பிர்யோ கேட்டாள்.

"பஸ்ல ஒரு தடவை. அப்புறம் படகுல ஒரு தடவை."

"அப்ப சரின்னு சொல்லிட்டு வந்து நீந்தேன். காலைலேர்ந்து உள்ளயும் வெளியயும் நடந்துக்கிட்டு இருக்கான். நடந்து நடந்து பலகையெல்லாம் தேயுது."

மெர்வி சிரித்தாள். கம்பளத்தைத் திருப்பிப் போட்டாள். பிர்யோ மறுபடி கேட்கவில்லை. இங்கே பேச்சை அப்படியே பாதியில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

மெர்வியின் வேலையைப் பற்றி வெளியில் சொன்னால் கேட்கிறவருக்குப் பாதியிலேயே கொட்டாவி வரும். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. கணினியில் செருகப்படும் ஒவ்வொரு கார்டுக்கும் அதை நடத்தத் தெரிந்த ஒரு டிரைவர் அந்தக் கெர்னலுக்குள் வேண்டும். பெரும்பாலும் கார்டும் டிரைவரும் தாமே ஒன்றையொன்று கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாதபோது மனிதர் ஒருவர் கார்டின் பெயரை ஒரு வரியாக எழுதி, இதை அதனோடு சேர் என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வரி உள்ளே நுழையும் வாசல் மெர்வியின் பொறுப்பில் இருந்தது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதும் நிரலில் கைக்குட்டை அளவு இடம்.

அந்த வாசலைத் தாண்டிவிட்டால் பிறகு யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். அதுதான் அவளுக்கு அந்த இடத்தின்மேல் இருந்த மயக்கமும் பயமும். உள்ளே எல்லோரும் எல்லோரையும் நம்பினார்கள். ஒருவர் நீட்டும் எண்ணை அடுத்தவர் வாங்கி அப்படியே பயன்படுத்துவார். நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு வேலையும் நடக்காது. அதனால் கேட்கவேண்டியதையெல்லாம் வாசலிலேயே கேட்டுவிடவேண்டும். சில நாட்கள் தூக்கம் கலையும் நேரத்தில் அந்த வாசலை அவள் பார்ப்பதுண்டு. வரிசையாக மர வீடுகள். முன்னால் பனி. கையில் ஒரு சீட்டோடு யாரோ நிற்கிறார்கள். சீட்டை வாங்கிப் படிப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

அவளுடைய முன்னாள் கணவர் பிரிந்து போவதற்கு முந்திய குளிர்காலத்தில் சொன்னார்: "உன்கிட்ட குட்மார்னிங் சொல்றதுக்குக்கூட ரெண்டு சாட்சி கூட்டிட்டு வரணும்." வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள். பிறகு பல நாட்கள் அந்த வாக்கியத்தைத் தனியாக எடுத்துவைத்துப் பார்த்திருக்கிறாள். தான் சந்தேகப்படுகிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை உள்ளே விட்டுவிட்டால் அதன்பின் கேள்வியே கேட்கத் தெரியாதவள். வாசலில் அவ்வளவு நேரம் நிற்கவைத்ததெல்லாம் அதனால்தான். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்று தோன்றியபோது அவருடைய பொருட்கள் வண்டியில் ஏறியிருந்தன.

பிர்யோ வாளியைத் தூக்கிக் கம்பளத்தின்மேல் தண்ணீரைக் கவிழ்த்தாள். நுரை பழுப்பாகப் பிரிந்து புல்லுக்குள் இறங்கியது. இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, காலியான வாளியை அவள் மறுபடி கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. அந்தக் கணத்தில் மீன் மேலே வந்தது.

ஒன்றுமே இல்லை என்றால், எல்லாமே பொருந்தும்.

மெர்வி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

பிர்யோவின் கணவன் யர்க்கோ விடுமுறைக்குக்கூடத் தன் சோதனைக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஏரியைப் பார்த்த மேசையில், ஏலக்காய் பன் தட்டுக்கும் காப்பிக் கெண்டிக்கும் நடுவில், வரிசையாகச் செருகிய கார்டுகளோடு அது உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கார்டிலும் ஒரு பச்சை விளக்கு. ஒவ்வொன்றின் கீழும் சிறிய ஒட்டுத்தாளில் அவன் கையெழுத்து: ஏறுபலகைப் பூட்டு, இயந்திரம், மணி.

இந்தக் கார்டுகள் படகுகளுக்கானவை. ஏரியின் இரு கரைகளுக்கும் நடுவே கட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கார்களையும் மனிதர்களையும் ஏற்றிப் போகும் மஞ்சள் படகுகள். மெர்வியும் காலையில் அதில்தான் வந்தாள். அவற்றைக் கட்டுப்படுத்தும் கார்டுகளைச் செய்வது யர்க்கோவும் வேறு மூவரும் சேர்ந்து நடத்தும் சிறு பட்டறை. படகுக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். கார்டுகளுக்கான டிரைவர் யர்க்கோவின் கையில் மட்டும் இருக்கக்கூடாது. எல்லோரும் பயன்படுத்தும் கெர்னலிலேயே இலையுதிர்காலத்துக்குள் இருக்கவேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

கெர்னலுக்குள் புதியவற்றை எடுத்துக்கொள்ளும் காலம் அவ்வப்போதுதான் வரும். இந்த முறை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. தவறினால் அடுத்தது இலைகள் உதிர்ந்தபிறகு. உள்ளே போவதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதி அனுப்பும் மாற்றத்தை, பேட்ச் என்பார்கள் அதை, இன்னொருவர் படித்துப் பார்த்து, அடியில் ஒரு வரியில் தன் பெயரைப் போடவேண்டும். முத்திரை கிடையாது, கூலி கிடையாது. 'படித்துப் பார்த்தவர்' என்று ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயரை நம்பித்தான் மேலே, ப்ராக் நகரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அவர் திரும்பவும் படிப்பதில்லை. யர்க்கோவின் நிரல் மெர்வியின் வாசலையும் தொட்டது. எனவே அவள் பெயர் வேண்டும்.

"யர்க்கோ," என்றாள் மெர்வி. "கார்டு பெயரை எழுதற எடத்துல ஒண்ணும் எழுதாம வெறும் எண்டர் தட்டேன்."

"எதுக்கு? அப்படி யாரு தட்டுவா?"

"நான் தட்டுவேன்."

"நீ தட்டுவ. உலகத்துல உன்னைத் தவிர?"

"தட்டு."

அவன் ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, சர்க்கரை ஒட்டிய விரலால் தட்டினான். முதல் கார்டின் பச்சை விளக்கு அணைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் இருட்டாக இருந்தது. பிறகு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. தன்னைப் பிடித்திருந்த டிரைவரை விட்டுவிட்டு, புது டிரைவரிடம் அது போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. அதன் கீழே எழுதியிருந்தது: ஏறுபலகைப் பூட்டு.

"அடடா," என்றான் யர்க்கோ. சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "ஒண்ணுமே சொல்லல, ஓடி வருது பாரேன்! எம் பிள்ளைங்களைக் கத்திக் கூப்பிட்டாலும் சாப்பாட்டுக்கு இப்படி வந்ததில்ல."

மெர்வியும் சிரித்தாள். பிறகு இருவரும் அந்த ஆரஞ்சு விளக்கையே பார்த்தார்கள்.

தவறு எங்கே என்று இருவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. பெயரை எழுதி எண்டரைத் தட்டும்போது, பெயரோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறி ஒன்றும் உள்ளே போகும். அது பெயரின் பகுதி அல்ல. அதை ஒதுக்குவதற்காக யர்க்கோ ஒரு சின்னக் குறுக்குவழி செய்திருந்தான். எழுதப்பட்டதன் நீளத்தில் ஒன்றைக் கழித்து, அத்தனை எழுத்துகளை மட்டும் கார்டின் பெயரோடு ஒப்பிடு என்று சொல்லியிருந்தான். பெயர் எழுதினால் சரியாகவே நடக்கும். வெறும் எண்டர் மட்டும் வந்தால், ஒன்றில் ஒன்று போனால் சுழியம். ஒப்பிட எழுத்தே இல்லை. எழுத்தே இல்லாதபோது எந்தப் பெயரும் வேறுபடுவதில்லை. வரிசையில் முதலில் நிற்பது எதுவோ அது வந்துவிடும்.

"அந்த வரியை ரூட் மட்டும்தானே எழுத முடியும்," என்றான் யர்க்கோ கடைசியில். ரூட் என்பது கணினியின் எல்லா உரிமையும் உள்ளவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். "ரூட் தன் வீட்டுக்குத் தானே தீ வெச்சா நாம என்ன தீயணைப்பு வண்டியா?"

"படகுல ரூட்டுன்னு ஒரு ஆள் தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானா? காலைல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நிரல் தானா ஓடும். பெயரை வேற எடத்துலேர்ந்து எடுத்து எழுதும். அந்த எடம் காலியா இருந்தா காலி வரியைத்தான் எழுதும். அது பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடும்."

"அப்ப பூட்டு ஒரு நொடி விடும்."

"ஏறுபலகை மேல அந்த நேரத்துல எதாவது நிக்கும்."

யர்க்கோ கெண்டியை எடுத்து இருவருக்கும் காப்பி ஊற்றினான். ஏற்கெனவே கோப்பை நிறைந்திருந்தது. தட்டில் வழிந்தது.

"ரெண்டு வரி மாத்தினா சரியாயிடும்," என்றான்.

"ஆமா. மாத்து."

"மாத்தினா அது புதுசு, மெர்வி. ப்ராக்ல இருக்கற மனுஷனைப் பத்தி உனக்குத் தெரியாதா? கடைசி நேரத்துல மாத்தினதை விரல் நுனியாலகூடத் தொடமாட்டாரு. இதே ரூபத்துல சோதனைல ஓடிக்கிட்டிருக்கறதைத்தான் எடுப்பாரு. இது ஓடிக்கிட்டிருக்கு. எல்லாம் முடிஞ்சுது, உன் பேரு ஒண்ணுதான் பாக்கி." அவன் குரலைத் தாழ்த்தினான். "இப்ப இது உள்ள போகட்டும். திங்கக்கிழமை திருத்தம்னு அந்த ரெண்டு வரியை அனுப்பிடறேன். திருத்தத்தை எப்ப வேணாலும் எடுத்துக்குவாங்க. கார்டு இன்னும் ஒரு படகுலகூட ஏறல. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இப்படி எத்தனை பேரு பண்றாங்கன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த ப்ராக்காரர் மெர்வி கேட்டாலும் இதையே சொல்வார், மரியாதையாக. மெர்வி ஆரஞ்சு விளக்கையே பார்த்தாள். தவறோடு உள்ளே போனவை எத்தனையோ உண்டு. அவள் பெயரின் கீழும் போயிருக்கின்றன. அப்போது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"படிச்சுப் பார்த்தேன்னு போடணும் யர்க்கோ. படிச்சுப் பார்த்துட்டேன். அதனாலதான்..."

"அம்மா தாயே, அது ஒரு வரி! வேதமா?" அவன் கைகளை விரித்தான். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது. "உன்னோட முதல் பேட்ச்சுக்கு நான் பேரு போட்டேனே, அதை என்ன படிச்சுட்டா போட்டேன்?"

ஏரியில் எங்கோ ஒரு நீர்ப்பறவை கூவியது. நீளமாக, யாரோ தூரத்தில் எதையோ நினைத்துச் சிரிப்பதுபோல.

சொல்லி முடித்தபிறகுதான் யர்க்கோ அவள் முகத்தைப் பார்த்தான். "மெர்வி," என்றான். "அது நல்லாத்தான் இருந்துது. அப்புறம் படிச்சேன். ரொம்ப நாள் கழிச்சு."

"பரவால்ல," என்றாள் மெர்வி. தன் குரல் சாதாரணமாக ஒலித்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

*

அவளுக்கு இருபத்துமூன்று வயது அப்போது. நாட்டின் வடக்கே, ஓலூ நகரில் மாணவர் விடுதி அறை. நவம்பர். சூரியன் அடிவானத்தில் எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விடும் மாதம். அதுவரை அவள் எழுதிய எதையும் யாரும் படித்ததில்லை. பள்ளிக் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்தினார்கள். அது வேறு. முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதும் கெர்னலுக்குப் பயந்து பயந்து ஒரு சிறு திருத்தத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். பதில் இல்லை. தினமும் மின்மடலைத் திறந்து பார்ப்பாள். பிறகு ஒருநாள் அந்த வரி வந்தது. 'படித்துப் பார்த்தவர்: யர்க்கோ.' அதன்மேல் இரண்டே சொற்கள்: நன்றாக இருக்கிறது.

அன்று அவள் வெளியே போய்ப் பனியில் வெகுதூரம் நடந்தாள். எங்கோ ஒரு ஊரில் யாரென்றே தெரியாத ஒருவர் உட்கார்ந்து, அவள் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறார். இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தாள் என்று ஒரு கணம் நின்று யோசித்திருக்கிறார். அவள் யோசித்த தடத்திலேயே கூட நடந்து வந்திருக்கிறார். அந்த எண்ணத்தின் வெப்பத்தில் அவள் அந்தக் குளிர்காலம் முழுவதையும் கடந்தாள். அடுத்ததை எழுதினாள். அதற்கடுத்ததையும். பின்னால் திருமணம் முறிந்த நாட்களில், தன்னை யாருக்கும் புரியவில்லை என்று தோன்றும்போதெல்லாம் மனம் தானாகப் போய் அந்த வரியைத் தொட்டுவிட்டு வரும். ஒருவர் படித்திருக்கிறார் என்று.

சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் மேல்பலகையில் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவள் இப்போது அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். வரி இருந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதரைக் காணவில்லை.

பிர்யோ கரண்டியில் தண்ணீர் மொண்டு கற்களின்மேல் ஊற்றினாள். நீராவி சீறி எழுந்து கூரையைத் தொட்டு, இருவர் தோள்களிலும் இறங்கியது. வழக்கம்போலப் பெண்கள் முதலில் குளிக்க வந்திருந்தார்கள். சிறிய சன்னல் வழியே மாலை வெளிச்சம் பால்போல வந்தது. இந்த மாதத்தில் மாலைக்கு முடிவே இல்லை.

"அவன் உன்கிட்ட அதைச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் பிர்யோ.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அன்னிக்கு வெளிய கார்ல உக்காந்து ஹாரன் அடிச்சதே நான்தான்."

மெர்வி திரும்பிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை. ஏரி உறையறதுக்குள்ள படகை மேல ஏத்தணும்னு இங்க வரக் கிளம்பியாச்சு. கடைக்குட்டி பின்னால கத்துது. இவன் வரல. உள்ள போய்ப் பாத்தா கோட்டு போட்டுக்கிட்டு, ஷூ போட்டுக்கிட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி நிக்கறான். 'ஒரு பொண்ணு எழுதி அனுப்பிட்டு ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்கு, ஒருத்தனும் பதில் சொல்லல, பாவம்'னான். நீ வர்றியா இல்ல நான் போகட்டுமான்னு கேட்டுட்டு வந்து ஹாரன்ல கைய வெச்சேன். எடுக்கவே இல்ல. போட்டுட்டு ஓடி வந்தான்."

மெர்விக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. சவுனாவில் அது யாருக்கும் தெரியாது. எல்லாம் வியர்வைதான்.

"பாவம்னு போட்டானா," என்றாள்.

"பாவம்னுதான். உன் பேருகூட அவனுக்குச் சரியா ஞாபகம் இல்ல. வண்டியில வரும்போது மெர்யாவோ என்னமோன்னான்."

பிர்யோ சவுனாவுக்கென்றே கட்டிய இலைக்கொத்தை நீரில் தோய்த்துத் தன் முதுகில் மெல்ல அடித்துக்கொண்டாள். ஈரமான பூர்ச்ச மர இலையின் மணம் எழுந்தது.

"பட்டறை மூடினா அவன் மறுபடி ஹெல்சிங்கி போவான்," என்றாள் பிறகு. "வாரக் கடைசிக்கு மட்டும் வீட்டுக்கு வருவான். துணி துவைக்கறதுக்கும் தூங்கறதுக்கும். முன்னாடி அப்படி இருந்து பாத்தாச்சு. நான் உன்கிட்ட எதையும் கேக்கல மெர்வி." சற்று நிறுத்தினாள். "கேக்கலன்னு சொல்றேனே, அதுவும் கேக்கறதுதான். எனக்கே தெரியுது. சனியன், சூடு அதிகமாயிடுச்சு, நான் கீழ உக்கார்றேன்."

மெர்வி அவள் ஈரமான தோளைத் தொட்டாள்.

*

ஏரிக்குள் இறங்கியபோது தண்ணீர் முதலில் கத்திபோல இருந்தது. பிறகு பட்டுத்துணியாகிவிட்டது. மெர்வி மல்லாந்து படுத்து மிதந்தாள். காதுகள் நீருக்குள் போனதும் உலகத்தின் ஓசை நின்றது. தன் மூச்சு மட்டும் யாரோ பக்கத்து அறையில் தூங்குவதுபோலக் கேட்டது. மேலே வானமும் அதே வெளிறிய நீலம், கீழேயும் அதே. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒன்றுதான்.

மர வீடுகளின் வரிசை தெரிந்தது. முன்னால் பனி. இந்த முறை அவள் வாசலுக்கு உட்புறம் நிற்கவில்லை, வெளியே நின்றாள். கையில் சீட்டு. சீட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் கதவு திறந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. வா, உட்கார் என்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வருடக்கணக்காக அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். எழுதியிருக்கிறாள், சிரித்திருக்கிறாள். பிறருடைய பெயரில் வந்ததையெல்லாம் படித்து, திருப்பி அனுப்பி, மறுபடி படித்திருக்கிறாள்.

தாழ் போடாத அந்தக் கதவு இல்லையென்றால் நான் எங்கே?

அவள் அந்தக் கேள்வியிடமிருந்து நழுவவில்லை. அதன் பக்கத்திலேயே மிதந்தாள். அவன் படிக்காமல் கொடுத்தது பொய்யா? பாவம் என்று ஒருவன் கோட்டோடு நின்று, மனைவி ஹாரன் அடிக்க அடிக்க ஒரு வரி எழுதினானே. அதில் இருந்த ஈரம் பொய் இல்லை. ஒருவேளை படித்திருந்தால்கூட அவ்வளவு கிடைத்திருக்காது. அப்படியென்றால் அதைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன குறை? ஒரு பெயர்தானே. அவனும் காத்துக்கொண்டிருக்கிறான். எனக்கும் அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள். செய்தவுடன் உடம்பு இலேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. கால்கள் மெல்ல அமிழ்ந்தன.

அவள் செங்குத்தாகி, நீரைக் கையால் விலக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே மிதந்தாள். ஓலூ விடுதியறையில் அன்று அவளை நிறைத்தது யர்க்கோவின் இரக்கம் அல்ல. இரக்கம் என்று தெரிந்திருந்தால் அந்தப் பனியில் அவ்வளவு தூரம் நடந்திருக்கமாட்டாள். ஒருவர் படித்தார் என்று அவள் நம்பியதுதான் நிறைத்தது. அந்த நம்பிக்கைக்கு வெளியே ஆள் இல்லாமலிருக்கலாம். அதற்கேற்ற ஆளாக அவள் அத்தனை வருடமும் தன்னை ஆக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். யாரோ அனுப்பியதைப் படிக்கும்போதெல்லாம், தன்னைப் படித்ததாக நினைத்த அந்த மனிதரைப் போலவே உட்கார்ந்து படித்திருக்கிறாள். காணாமல் போனவர் அவளுடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

யர்க்கோவுக்கு வேறு எதையும் கொடுக்கலாம். வேலை தேட உதவலாம். இந்த இரவும் நாளையும் உட்கார்ந்து அவனோடு திருத்தலாம். இலையுதிர்காலத்துக்குள் முடியாது, அதுவும் தெரியும். படகுக்காரர்கள் காத்திருக்கமாட்டார்கள். பிர்யோ வாரநாட்களில் தனியாகக் காப்பி குடிப்பாள். ஒருவேளை அடுத்த ஜூலையில் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

நீர் கழுத்தைச் சுற்றிக் குளிர்ந்தது. அவள் கரையை நோக்கி நீந்தினாள், அவசரமில்லாமல்.

துறைப்பலகையின் நுனியில் யர்க்கோ மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்தான். கால்விரல்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. கொசுவை விரட்டித் தோற்ற அடையாளம் நெற்றியெல்லாம். பக்கத்தில் அவளுக்காக ஒரு துண்டை மடித்து வைத்திருந்தான்.

"தண்ணி எப்படி?" என்றான்.

"நல்லா இருக்கு. உனக்கும் தேவைதான்."

"வர்றேன். இதை முடிச்சுட்டு." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். "மத்தியானம் நான் அப்படிப் பேசினது தப்பு. வேணும்னு சொல்லல."

"தெரியும், யர்க்கோ."

"பிர்யோ திட்டினா."

"திட்டுவா."

அவள் ஏணியில் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு அவனருகில் உட்கார்ந்தாள். முடியிலிருந்து சொட்டிய நீர் பலகையில் கறுப்புப் புள்ளிகளாக விழுந்தது.

"மடல் தயாரா இருக்கு," என்றான் யர்க்கோ. கணினியை அவள் பக்கம் சற்றுத் திருப்பினான். "உன் பேரையும் அடியில நானே அடிச்சு வெச்சுட்டேன். நீ எழுதக்கூட வேண்டாம். தலையாட்டினாப் போதும், அனுப்பிடறேன்."

மெர்வி குனிந்து பார்த்தாள். 'படித்துப் பார்த்தவர்' என்பதை அடுத்து அவள் பெயர், எழுத்துப் பிழையின்றி, முழுதாக இருந்தது. யர்க்கோவின் விரல் விசையின்மேல் காத்திருந்தது. அந்த விரலைத் தன் ஈரக் கையால் மூடிக்கொண்டாள்.

"என் பேரை எடுத்துடு, யர்க்கோ," என்றாள்.